மேட்டு லயம் ஏன் கீழே இருக்கிறது?

மூன்று வாரங்களாகச் சுகிர்தா யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது சாதாரண விசயம் அல்ல. பதினொரு வயதுச் சுகிர்தா ஒரு துப்பறியும் கம்பெனியில் பங்காளி. கேள்வி கேட்பதுதான் அவள் தொழிலே. கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். சுகிர்தா, திகனப் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஆறாம் வகுப்புப் படிக்கும் ருக்கியா, சுகிர்தாவின் தம்பி யுகேஷ். மூவரிலும் சின்னவன் யுகேஷ்தான், எட்டு வயது. ஆனால் தலைவர் அவன்தான். ஏனென்றால் டோர்ச் லைட் அவனிடம்தான் இருந்தது.

கம்பெனி இதுவரை இரண்டு வழக்குகளைக் கண்டுபிடித்திருந்தது. கணக்கப்பிள்ளை வீட்டுப் பலாப்பழத்தைத் தின்றது யார்? குரங்கு. கோயில் வாசலில் இருந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போனது யார்? அதுவும் குரங்கு.

பிறகு மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் விடியும் நேரத்தில் ஏழாம் நம்பர் மலை இறங்கி வந்தது.

பன்வில பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை நட்ட ஒவ்வொரு சரிவுக்கும் மலை என்றுதான் பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பரும் உண்டு. ஏழாம் நம்பர் மலைக்கு அடியில் மேட்டு லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். இடது பக்கத்து ஏழு வீடுகள் அப்படியே நின்றன. வலது பக்கத்து ஐந்து வீடுகள் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு மட்டும் இருந்தது.

ஒன்பது பேர் போனார்கள். எட்டுப் பேரின் உடலை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். யுகேஷை எடுக்கவில்லை.

சுகிர்தாவின் வீடு இடது பக்கத்தில் இருந்தது. யுகேஷ் அன்று வலது பக்கத்தில், அத்தை வீட்டில் படுத்திருந்தான். அவன் ஏன் அங்கே போனான் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தப்பியவர்களும் மற்ற லயங்களில் இருந்தவர்களும் மேலே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். நாலு வகுப்பறையில் முப்பது குடும்பங்கள். அம்மா கரும்பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் மூன்று வாரமாகப் பேசவில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் மண்வெட்டியோடு இறங்கிப் போனார். ஒவ்வொரு நாளும் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை, கண்டியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பொன்னுத்துரை என்று பேர். யாழ்ப்பாணத்துக்காரர். கையில் நீளமான வரைபடச் சுருள் ஒன்று வைத்திருந்தார்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றார். "வியாழக்கிழமையில இருந்து நீங்கள் இங்க நெருக்குப்பட்டுக் கிடக்கத் தேவையில்லை. கீழ விளையாட்டு மைதானத்தில தகரக் கொட்டில் அடிச்சுத் தாறம். குடும்பத்துக்கு ஒண்டு."

"கிரவுண்டுலயா?" என்றார் அழகையா. அவர் தோட்டத்தில் முப்பது வருசம் வேலை செய்தவர். "அப்பாடா! இந்தப் பக்கம் மட்டமான எடம்னா அது ஒண்ணுதாங்க."

எல்லார் முகத்திலும் மூன்று வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சுகிர்தாவுக்கு எங்கே போனாலும் ஒன்றுதான்.

அன்று மத்தியானம் ருக்கியா வந்தாள். அவளுடைய வாப்பா மஹ்மூத் திகனயில் கடை வைத்திருந்தார். பாய்களும் பால்மாவும் ஏற்றிக்கொண்டு அவர் வேனில் வந்தபோது, மகளும் தொற்றிக்கொண்டாள்.

ருக்கியா கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பெரிய கஷ்டம்.

"கேஸ் ஒன்டு பாக்கி ஈக்கி," என்றாள் கடைசியில்.

"கம்பெனி மூடியாச்சு."

"தலைவர் கேட்ட கேள்வி. மறந்திட்டியா?"

சுகிர்தா மறக்கவில்லை. மழைக்கு முந்திய நாள் யுகேஷ் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். "அக்கா, மேல புது லயம் இருக்கு. அதுக்குக் கீழ ஆஸ்பத்திரி லயம். எல்லாத்துக்கும் கீழ நம்ம லயம். பெறகு ஏன் நம்ம லயத்துக்கு மேட்டு லயம்னு பேரு?"

அதை அவன் தோட்டம் முழுக்கக் கேட்டான். கேட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அது அப்படித்தான்டா!"

"எனக்கு அந்தக் கேஸ் வேணாம்," என்றாள் சுகிர்தா. "எனக்கு ஒரே ஒரு கேஸ்தான். தம்பிய எடுத்தது யாரு?"

ருக்கியா நிலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சரி. அதையே விசாரிப்போம். ஆர் மேல சந்தேகம்?"

"மழத் தண்ணி. காத்து. மண்ணு."

"நெருப்பு?"

"நெருப்பு என்ன செஞ்சுச்சு?"

"விசாரணைன்டா எல்லாரையும்தான் கேக்கணும். ஒராள மட்டும் விடேலாது."

இருவரும் சரிவின் ஓரத்துக்குப் போனார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தது. அதற்கு அப்பால் போகக் கூடாது. கம்பில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்ப் படங்கு ஒன்று காற்றில்லாமல் தொங்கியது. அதற்குக் கீழே, போன மாதம் வரை பச்சையாக இருந்த மலை, தோலுரிந்த முழங்கால் மாதிரிக் கிடந்தது.

காலையில் கொழுந்தெடுக்க மலையில் இறங்கும் பெண்கள், முதல் செடியில் கை வைக்கும்போது "பொலியோ பொலி" என்பார்கள். நிறையக் கொழுந்து கிடைக்கட்டும் என்று மலையிடம் கேட்பது அது. அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

சுகிர்தாவுக்குத் திடீரென்று ஆத்திரம் வந்தது. ஒரு செடிகூட இல்லாத அந்தச் சேற்றைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பொலியோ பொலி! பொலியோ பொலி!"

நீலப் படங்கு அசைந்தது. பிறகு உப்பியது. அதற்கு இரண்டு கன்னம் வந்தது, தோள் வந்தது, பெரிய வயிறும் வந்தது.

"யாரு பொலி சொன்னது?" என்று படங்கு கேட்டது. "மூணு வாரமா இந்த மலையில ஒருத்தரும் பொலி சொல்லலியே?"

ருக்கியா சுகிர்தாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் துப்பறிவாளர் பயத்தைக் காட்டக் கூடாது என்பது கம்பெனி விதி.

"பேர் என்ன?" என்றாள் நடுங்கிக்கொண்டே.

"காத்து."

"விலாசம்?"

"நேத்தைக்கு உள்ளதா, இன்னைக்கு உள்ளதா?"

ருக்கியாவுக்கு அடுத்த கேள்வி வரவில்லை. சுகிர்தா முன்னால் வந்தாள்.

"என் தம்பிய எடுத்தது நீங்களா?"

"எனக்குக் கை இல்லையே, புள்ள. நான் சத்தத்தை மட்டுந்தான் எடுப்பேன்."

"அவன் சத்தம் இருக்கா? அன்னைக்கு அவன் போட்ட சத்தம்?"

காற்று தன் மடியைக் கிளறித் தேடியது. சத்தங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தி வெட்டும் சத்தம், எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரத் துரையின் இருமல், ஒரு குழந்தையின் சிரிப்பு. பிறகு ஒரு பெண்ணின் குரல், மிகப் பழைய குரல். "பணிய லயத்து ஆளுங்களே! ஓடியாங்க! பணிய... பணிய..."

ருக்கியா சட்டென்று தலையைத் தாழ்த்திக் குனிந்து நின்றாள்.

"என்னடி செய்ற?"

"பணியச் செல்லுதே. நான் பணியிறேன்."

"அது கும்புடுற பணிய இல்லடி. நாங்க கீழங்கிறதுக்குப் பணியன்னு சொல்லுவோம். பணிய லயம்னா கீழ் லயம்..."

சுகிர்தா நிறுத்திக்கொண்டாள். தோட்டத்தில் பணிய லயம் என்று எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

காற்று மடியை உதறி முடித்தது. "ஒன் தம்பி சத்தம் இல்ல புள்ள. அவன் சத்தம் போடல. நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்திருப்பான்."

படங்கு தொய்ந்து மறுபடி வெறும் படங்கானது.

சுகிர்தா வெகுநேரம் அங்கேயே நின்றாள். ருக்கியா இழுத்த பிறகுதான் நடந்தாள்.

தண்ணீரைப் பீலிக்கரையில் கண்டார்கள். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் அந்தத் தண்ணீரில்தான் லயத்து ஆட்கள் எல்லாரும் குளிப்பார்கள். "பொலி" என்றதும், கல்தொட்டியில் ஒரு முகம் தெரிந்தது. தெரிந்த உடனே வழிந்து போனது. அடுத்த முகம் வந்தது.

"சீக்கிரம் கேளு, நான் போகணும்," என்றது முதல் முகம்.

"அன்னைக்கு நீங்கதான..."

"நான் இல்ல," என்றது இரண்டாம் முகம். "அன்னைக்கு வந்தவங்க எல்லாம் மகாவலி ஆத்துல போய், இந்நேரம் திருகோணமலைக் கடல்ல..."

"...சேர்ந்திருப்பாங்க," என்று முடித்தது மூன்றாவது.

"சாட்சி எல்லாம் ஓடிப்போகுதே," என்று ருக்கியா முணுமுணுத்தாள்.

"ஏன் மலைக்குள்ள எறங்குனீங்க?" என்றாள் சுகிர்தா.

"முந்தி மலைக்கு மலை தண்ணி ஓடக் கான் வெட்டி வச்சிருப்பாங்க. நாங்க..."

"...கான் வழியா நேராப் போயிருவோம். இப்ப ஏழாம் நம்பர்ல கான் வெட்டிப்..."

"...பல வருசம். எல்லாம் தூந்து கெடக்கு. வழி இல்ல. மண்ணுக்குள்ள எறங்கினோம். மண்ணு கனத்துப் போச்சு."

பிறகு வந்தது முகமல்ல, வெறும் தண்ணீர்.

நெருப்பு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொதுச் சமையல் அடுப்பில் இருந்தது. பாலம்மா பெரிய பானையில் சோறு வடிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள்.

"நான் இல்ல, நான் இல்ல!" என்று, பொலி சொன்ன உடனே, கேள்வி வருவதற்கு முன்னாலேயே நெருப்பு படபடத்தது. "அன்னைக்கு ஒரே மழை. மழையில நான் வெளிய வருவேனா? வெறகு ஈரம்னு அடுப்புலகூட என்னைய ஏத்தல."

"இவரு குற்றவாளி இல்ல," என்று ருக்கியா சுகிர்தாவின் காதில் சொன்னாள்.

"பணிய லயம்னா என்னான்னு தெரியுமா?" என்றாள் சுகிர்தா.

நெருப்பு சட்டென்று தணிந்தது. "எனக்கு எல்லாம் மறந்து போகும். தின்னதை எல்லாம் மறந்துருவேன். ஆனா அடுப்பு மட்டும் மறக்காது. பணிய லயத்துல எனக்குப் பத்து அடுப்பு இருந்துச்சு. வரிசையாப் பத்து. தேயிலைக்கு முந்தின கோப்பித் தோட்டக் காலம். ஒரு மழைநாள்ல பத்தும் ஒண்ணா அணைஞ்சு போச்சு."

"எங்க இருந்துச்சு?"

"நீங்க பந்து அடிக்கிற எடத்துல."

"அடுப்புக்கிட்ட என்னாங்கடி பேச்சு?" என்று பாலம்மா அதட்டினாள். "பேசுற மூச்சை வச்சு ஊதுங்க, சோறாவது வேகும்!"

அன்று ருக்கியா திகனக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டாள். வாப்பா முதலில் ஏசினார். பிறகு சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி மகள். நாளைக்கு வந்து கூட்டிப் போறேன்," என்றார்.

புதன்கிழமை காலை, பனி விலகாத மைதானத்துக்கு இருவரும் இறங்கினார்கள். மறுநாள் கொட்டில் அடிப்பதற்காக முளைக்குச்சிகள் நட்டு நூல் கட்டியிருந்தது. சுகிர்தா நடுவில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் புல்லில் ஊன்றினாள்.

"பொலி," என்றாள் மெல்ல.

மண் உருவம் எதையும் எடுக்கவில்லை. அதன் குரல் உள்ளங்கை வழியாக ஏறி வந்தது.

"கேளு."

"பணிய லயத்தக் காட்டுங்க."

கலங்கிய தண்ணீர் தெளிவதுபோல் புல் தெளிந்தது. கீழே புல் வேய்ந்த கூரையோடு பத்து வீடுகள். கூரையில் புகை. வாசலில் ஒருத்தி குந்தியிருந்து ஒரு குழந்தைக்குப் பேன் பார்த்தாள். குழந்தை தலையை ஆட்ட, அவள் அதன் முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை கையில் சின்னப் பித்தளைக் காப்பு. மேலே, சரிவில், அன்று புதிதாகக் கட்டிய இன்னொரு லயம். அதன் வாசலில் நின்ற பெண்ணிடம் இவள் அண்ணாந்து கேட்டாள்.

"மேட்டு லயத்துக்காரி! உப்பு இருக்கா?"

"வாங்கினதைத் தராம இன்னும் கேக்குறியாடி, பணிய லயத்துக்காரி?"

இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அங்கே மழை தொடங்கியது.

"போதும்!" என்றாள் சுகிர்தா. "போதும், மூடிருங்க."

புல் மறுபடி புல்லானது. ருக்கியா கண்ணைத் துடைத்தாள். யுகேஷின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவன்தான் இல்லை.

"என் தம்பி எங்க?" என்றாள் சுகிர்தா.

"எங்கிட்ட இருக்கான்."

"குடுத்துருங்க."

"எனக்குக் குடுக்கத் தெரியாது. வச்சிருக்க மட்டுந்தான் தெரியும்."

சுகிர்தா இரண்டு கையாலும் மண்ணைக் குத்தினாள். கை வலிக்கும் வரைக்கும் குத்தினாள். மண் அதை வாங்கிக்கொண்டது. பிறகு, யாரிடமும் சொல்லாததை அவள் மண்ணிடம் சொன்னாள்.

"அவன் தூக்கத்துல ஒதைப்பான். அன்னைக்கு நான்தான் சொன்னேன். 'ஒதைக்கிறாம்மா, அத்தை வீட்டுக்கே அனுப்புங்க'ன்னு. நான் சொல்லாம இருந்திருந்தா..."



"நீ சொன்னதால நான் எறங்கல," என்றது மண். "தண்ணி வந்துச்சு, கனத்தேன், எறங்கினேன். நீங்க வீட்டுக்குள்ள பேசுறது எதுவும் எனக்குக் கேக்கிறதில்ல. பொலி சொன்னா மட்டுந்தான் கேக்கும்."

அது ஆறுதலா இல்லையா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு இங்க முப்பது குடும்பம் வருது. நீங்க திரும்ப எறங்குவீங்களா?"

"மலையில பாதி இன்னும் மேல நிக்குது. மழை வந்தா எறங்குவேன். போன தடவ வலது பக்கம். அடுத்த தடவ இந்தப் பக்கம். ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்க எனக்குக் கண்ணு இல்ல."



எட்டு மணிக்குப் பொன்னுத்துரை ஆட்களோடு வந்தார். அப்பாவும் அழகையாவும் அலவாங்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வந்தார்கள். முதலில் கக்கூஸுக்குக் குழி வெட்ட வேண்டும். அதற்கு மைதானத்தின் தூரத்து மூலையைக் குறித்திருந்தார்கள்.

"மண் பேசிச்சுண்டு மட்டும் செல்லிடாத," என்று ருக்கியா கிசுகிசுத்தாள். "நம்மளப் பைத்தியம்டுவாங்க."

சுகிர்தா யோசித்தாள். பெரியவர்களிடம் பதிலைக் கொண்டுபோனால் நம்ப மாட்டார்கள். கேள்வியைக் கொண்டுபோனால் என்ன?

நேராகப் பொன்னுத்துரையின் முன்னால் போய் நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு பெரிய ஆளிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி அது.

"சேர், எங்க லயத்துக்கு ஏன் மேட்டு லயம்னு பேரு?"

"என்ன பிள்ளை?"

"எல்லா லயத்துக்கும் கீழ இருக்கிறது எங்க லயந்தான். அதை மேட்டு லயம்னு சொல்லணும்னா, அதுக்கும் கீழ ஒரு லயம் இருந்திருக்கணும்ல? அது எங்க போச்சு?"

பொன்னுத்துரை அழகையாவைப் பார்த்தார். "அப்பிடி ஏதும் இருந்ததோ?"

"அதெல்லாம் இல்லீங்க சேர். எங்க பாட்டன் காலத்துலயும் மேட்டு லயந்தான். அது அப்படித்தாங்க."

ஆனால் பொன்னுத்துரை சிரிக்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். வரைபடத்தை விரித்தார்.

"இவ்வளவு சரிவுக்குள்ள இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் மட்டமாக் கிடக்குது எண்டு நானும் யோசிச்சனான்," என்றார் மெதுவாக. "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

"கக்கூஸ் குழி எப்படியும் வெட்டணும் தானே, சேர்? ஒண்ணை மட்டும் இந்த எடத்துல வெட்டுங்க."

"கிரவுண்டு நடுவுலயா?" என்று அழகையா வாய்விட்டுச் சிரித்தார். "அங்க குந்துறவனுக்கு நாலு பக்கமும் காத்துதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் காட்டிய இடத்தில் அலவாங்கை ஓங்கிக் குத்தினார்.

இடுப்பளவு ஆழத்துக்கு வெறும் சிவப்பு மண். அழகையா கொட்டாவி விட்டார். மார்பளவு வந்தபோது அலவாங்கு கல்லில் மோதியது. அப்பா குனிந்து கையால் மண்ணை விலக்கினார்.

மூன்று கல். மூன்றும் உள்பக்கம் கறுத்துப் புகை பிடித்திருந்தன. நடுவில் கரி. பக்கத்தில் உடைந்த சட்டி.

 அப்பா இன்னும் கொஞ்சம் விலக்கினார். ஓர் அம்மிக் கல் வந்தது. அதற்கு அடியிலிருந்து, பச்சைக் களிம்பு ஏறிய ஒரு சின்னப் பித்தளைக் காப்பு வந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுத்துரை குழிக்குள் இறங்கி, மண் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே நிற்கும் பாதி மலையை நீண்ட நேரம் பார்த்தார்.

"இது முந்தி வந்த மண்சரிவு," என்றார். "இந்த மைதானமே அதாலதான் உண்டானது. ஒருத்தரும் இங்க இருக்கேலாது. ஒரு நாள்கூட ஏலாது."

ஆட்கள் முளைக்குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

கதை இத்துடன் நல்லபடி முடிந்திருக்கலாம். ஆனால் மேலே பள்ளிக்கூடத்தில் யாரும் கைதட்டவில்லை.

"அப்ப இனி எங்கதான் போறது?" என்று பாலம்மா கேட்டாள். "இருந்த ஒரு எடமும் போச்சு."

"எத்தன மாசம் இந்த வாங்குப் பலகையில படுக்கிறது?" என்றார் இன்னொருவர். "பெரிய கண்டுபிடிப்பு!"

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். ருக்கியாவுக்குக் கோபம் வந்தது. "உசிரு தப்பிச்சிக்கி, அது வெளங்கல்லயா?" என்று அவள் கேட்டதும் சத்தம் அடங்கியது. ஆனாலும் போக இடம் இல்லாதது உண்மைதான்.

காப்பு கை மாறிக் கை மாறி வந்தது. எந்தப் பிள்ளையுடையது, என்ன பேர் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பத்து வீட்டு ஆட்களின் பேரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியில் அது அம்மாவிடம் வந்தது. அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பொன்னுத்துரை ஒரு மேசையில் வரைபடத்தை விரித்து, மைதானத்தின் மேல் சிவப்புக் கோடுகள் போட்டார். "பிள்ளை, இந்த இடத்துக்கு என்ன பேர் எழுத?"

"பணிய லயம்னு எழுதுங்க, சேர்."

எழுதினார். பேனாவை மூடப் போனவர், மூடாமல் நின்றார்.

"இவையின்ர பேரை அண்டைக்கு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை," என்றார். "இப்ப மேட்டு லயத்தில போன ஆக்களின்ர பேரைச் சொல்லுங்கோ."

வரைபடத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. அவர் ஓரத்து வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார். ஆட்கள் மேசையைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு பேரையும் ஒவ்வொருவர் சொன்னார்கள். அத்தையின் பேரை அப்பா சொன்னார். இரத்தினம்மா. எட்டுப் பேர் ஆனார்கள். ஒன்பதாவது பேருக்கு அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"யுகேஷ்," என்றாள் சுகிர்தா.

பொன்னுத்துரை எழுதினார். யூகேஷ்.

"நெடில் இல்லங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "குறில்."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா எழுந்து நின்றிருந்தாள். மேசைக்கு வந்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"யுகேஷ்," என்றாள். "குறில் போடணும்."

பொன்னுத்துரை அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் மறுபடி எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் அம்மா எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.